மீன் தொட்டியில் கடுகு போல ஓடுவது என்ன?

வணக்கம். போன காணொளியைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "என் மீன் தொட்டியில் கடுகை விடச் சின்னதாக, பழுப்பாகவும் வெள்ளையாகவும் புள்ளிகள் கண்ணாடி ஓரமாக ஓடுகின்றன. இது மீன் பேனா? மருந்து ஊற்றலாமா? விஞ்ஞானிகள் இதைப் பெரிதாக ஆராய்கிறார்கள் என்று நண்பர் சொல்கிறார், உண்மையா?"

முதலில் மருந்தை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது ஆஸ்ட்ரகோட். மீன் பேன் தட்டையாக இருக்கும், மீனின் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். இது தனியாகத் திரியும். நண்டு, இறால் வகையறாதான். ஆனால் பார்வைக்குக் குட்டி மட்டி மாதிரி இருக்கும். இரண்டு ஓடுகள், முதுகுப் பக்கம் கீல் போல ஓர் இணைப்பு. ஆபத்து என்றால் உள்ளே சுருண்டு இரண்டு ஓடுகளையும் மூடிக்கொள்ளும். பாசியையும் மட்கிய கழிவையும் தின்று வாழும், மீனை ஒன்றும் செய்யாது. புதிதாகச் செடி வைத்திருந்தால் அதோடு வந்திருக்கலாம். பல இனங்களின் முட்டைகள் காய்ந்து கிடந்தாலும் சாகாமல் இருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

சரி, விஞ்ஞானிகளுக்கு இதில் என்ன வேலை? எல்லாம் அந்த ஓட்டில்தான் இருக்கிறது. ஓடு சுண்ணாம்பால் ஆனது. நன்னீர் இனங்கள் பெரும்பாலும் எட்டு முறை ஓட்டைக் கழற்றிப் போட்டுத்தான் முழு வளர்ச்சி அடைகின்றன. பழைய ஓட்டிலிருந்து சுண்ணாம்பைத் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் சுற்றியிருக்கும் தண்ணீரிலிருந்தே எடுத்து, மிகக் குறுகிய காலத்தில் புது ஓட்டைக் கட்டிவிடுகிறது. அதனால் அந்த நேரத்தில் தண்ணீர் எப்படி இருந்ததோ அது ஓட்டில் பதிந்துவிடுகிறது. ஓட்டிலுள்ள மக்னீசியம் தண்ணீரின் வெப்பத்தைப் பற்றித் துப்புக் கொடுக்கும். ஆக்சிஜன், ஏரி நிறைந்திருந்ததா வற்றியதா என்று காட்டும்.

எப்படி என்கிறீர்களா? ரசம் சுண்டச் சுண்ட உப்புக் கரிக்கிறது இல்லையா? ஆக்சிஜனில் லேசானது, கனமானது என்று வகைகள் உண்டு. ஏரி வெயிலில் சுண்டும்போது, லேசான ஆக்சிஜன் உள்ள நீர் எளிதாக ஆவியாகிவிடும். கனமான ஆக்சிஜன் உள்ள நீர் அதிகமாகத் தங்கும். வறண்ட காலத்தில் கட்டிய ஓட்டில் அந்தக் கனமான ஆக்சிஜன் கூடுதலாக இருக்கும்.

மெக்சிகோவின் யுகடான் பகுதியில் புன்டா லகூனா என்று ஓர் ஏரி இருக்கிறது. கர்டிஸ், ஹோடெல், பிரென்னர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதன் அடிச்சேற்றில் குழாய் இறக்கி, அடுக்குக் கலையாமல் மண்ணை எடுத்தார்கள். அதில் கிடந்த ஆஸ்ட்ரகோட் ஓடுகளையும் நத்தை ஓடுகளையும் அளந்து, சுமார் 3,500 ஆண்டுகளின் ஈரத்தையும் வறட்சியையும் 1996இல் வெளியிட்டார்கள். கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் கடும் வறட்சிகள் தெரிந்தன. மாயா மக்கள் தங்கள் பெரிய நகரங்கள் பலவற்றைக் கைவிட்ட காலத்தோடு அது சேர்ந்து வருகிறது. வறட்சி மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், போர்களும் நடந்தன. ஆனால் ஆறுகள் அரிதான சுண்ணாம்புப் பூமி அது. மழைநீரைத் தேக்கி வாழ்ந்த சனங்களுக்கு வானம் பொய்த்ததை ஒரு மில்லிமீட்டர் ஓடு இத்தனை காலம் வைத்திருந்து சொல்கிறது. எனக்கு இதை எத்தனை முறை படித்தாலும் சிலிர்க்கும்.

எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்களுக்கும் இது உதவும். பாறைக்குள் புதைந்திருக்கும் பெரிய சிப்பிகள் துளைக்கருவியில் நொறுங்கிவிடும், இது முழுசாக மேலே வரும். எந்த இனம் கிடைக்கிறது என்று பார்த்துப் பாறையின் வயதைக் கணிப்பார்கள். 45 கோடி ஆண்டுப் பழைய பாறையிலும் இவை உண்டு.

அப்புறம் இன்னொன்று. ஜப்பான் கடலில் நீல ஒளி வீசும் ஓர் ஆஸ்ட்ரகோட் இருக்கிறது. அங்கே அதற்குக் கடல் மின்மினி என்று பெயர். அதன் ஒளிப்பொருளை 1956இல் படிகமாக்கியவர் ஒசாமு ஷிமோமுரா. அந்த வேலைதான் அவரை அமெரிக்காவுக்கும் ஜெல்லி மீன் ஆராய்ச்சிக்கும் கொண்டுபோனது. 2008இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

உங்கள் தொட்டிக்கு வருகிறேன். எண்ணிக்கை மிக அதிகமானால் தீனி மிஞ்சுகிறது என்று அர்த்தம், குறைத்துப் போடுங்கள். தாமிரம் கலந்த மருந்து இவற்றைக் கொல்லும், தொட்டியில் இறால் இருந்தால் அதையும் சேர்த்துக் கொல்லும். ஒரு துளித் தண்ணீரோடு இரண்டை வெள்ளைத் தட்டில் விட்டு, பூதக்கண்ணாடி வைத்துச் சற்று அசையாமல் காத்திருங்கள். ஓடு மெல்லத் திறந்து, உள்ளிருந்து கால்கள் வெளியே வரும்.