அட்டையும் சாயத்தண்ணியும் ஒரு ஈ.சி.ஜி. மெஷினும்

எல்லோருக்கும் வணக்கம். மலைநாட்டு அரச ஆஸ்பத்திரி ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் இருபத்தாறு வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் வந்தால் இரண்டு வளைவுக்கு ஒருவர் வாந்தி எடுக்கும் பாதையில் இருக்கிறது, அது போதும். "ஏதாவது சுகாதாரத் தலைப்பில் பேசுங்கள்" என்றார்கள். சீனி வருத்தம், பிரஷர் பற்றியெல்லாம் இங்கே முன்வரிசையில் இருப்பவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். அதனால் மெஷின்களோடு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

விரலில் கவ்வும் அந்தச் சின்னக் கருவி, கொரோனா காலத்தில் பல வீடுகளுக்கும் வந்து சேர்ந்ததே, அதிலிருந்து தொடங்குவோம். அதன் தத்துவத்தை ஜப்பானியப் பொறியியலாளர் தாக்குவோ அவோயாகி 1974இல் வெளியிட்டார். சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் போகும். துடித்துத் துடித்து ஓடும் இரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து ஒக்சிஜன் அளவைச் சொல்லும். குளிரில் விரல் விறைத்து, அதில் துடிப்பே சரியாக இல்லையென்றால்? அது பாட்டுக்கு ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லும்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். எங்கள் ஊர் அதைவிடக் கொஞ்சம் தாழ்வு, ஆனால் ஜனவரி விடியலில் குளிர் அந்த வித்தியாசம் பார்ப்பதில்லை. அப்படியொரு விடியலில் கால் சுளுக்கிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். விரலில் மாட்டினேன், 71 காட்டியது. புதிதாக வந்த டொக்டர் பதறிப்போய் "ஒக்சிஜன்!" என்றார். சிலிண்டர் இருந்தது. அதைத் திறக்கும் சாவியைக் காணவில்லை. (அந்தச் சாவி எந்த ஆஸ்பத்திரியிலும் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்து நான் பார்த்ததில்லை.) நாங்கள் நால்வர் மேசை, அலுமாரி, கட்டிலுக்கு அடியெல்லாம் தேடுகிறோம். 71இல் இருக்கும் அந்த அம்மாவோ, சம்பந்தி வீட்டார் தாலிக்கொடியில் எத்தனை பவுன் குறைத்தார்கள் என்பதைத் தங்கச்சிக்கு மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்! சிற்றூழியர் ஒருவர் தனக்கு வைத்திருந்த சூடான சாயத்தண்ணிக் கோப்பையை (பாலில்லாத் தேநீர்தான்) அவர் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரம் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். மறுபடி மாட்டினேன், 96. சாவி பகல் பதினொரு மணிக்குக் கிடைத்தது, என் சட்டைப் பையிலேயே.

இதயத்தின் மின்சாரத்தைத் தாளில் கோடாக வரையும் ஈ.சி.ஜி.க்கும் குளிர் ஆகாது. ஆள் நடுங்கினால் தசையின் மின்சாரமும் தாளில் ஏறி, கோடு கோழி கிளறிய மாதிரி வரும். மழையில் நனைந்து வந்தவரைத் துடைத்துக் கம்பளி போர்த்தாமல் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு, இதயம் தாறுமாறாக அடிக்கிறது என்று நாங்களும் தாறுமாறாக ஓடியிருக்கிறோம். நெதர்லாந்தில் ஐந்தோவன் என்பவர் செய்த முதல் கருவி ஏறத்தாழ 270 கிலோ. நோயாளி இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அதற்கு 1924இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எங்கள் வார்டில் டிசம்பர் மாதம் யாரையாவது அப்படிக் காலை நனைக்கச் சொல்லியிருந்தால் எனக்கு என்ன கொடுத்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

சரி, தேயிலை மலையில் காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டைக்கு வருவோம். அந்தக் காலத்தில் எங்கள் மெஷினில் நெஞ்சுக்கு வைக்க ஆறு ரப்பர் குமிழ்கள். அமுக்கி வைத்துவிட்டால் தோலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். நாற்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு பாட்டிக்கு, வெள்ளைத் திரைக்குள் மிஸ்ஸி (பெண் தாதி) ஒருவரோடு நின்று வைத்தேன். நாலாவதை வைக்கும்போது கீழே பார்த்தார்.

"ஐயோ, அட்டைடா!"

பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். ஒன்று டொக்டரின் மேசையில் போய் விழுந்தது. எடுத்த இடமெல்லாம் சிவப்பு வட்டம். அது போதாதா? "இங்க பாரு, கடிச்ச தடம்! உப்பு கொண்டா, சுண்ணாம்பு கொண்டா!" மெஷின் என்று நான் விளக்க, "மெஷின் என்னத்துக்குய்யா ரத்தம் குடிக்குது?" என்றார். மிஸ்ஸி தன் கையில் ஒன்றை ஒட்டிக் காட்டிய பிறகுதான் படுத்தார். இதயம் அருமையாக இருந்தது. வாயுத்தொல்லை.

மூன்று மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வந்தார். மறுபடி ஈ.சி.ஜி. முதல் குமிழை வைத்தேன், வழுக்கி விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. ரப்பர் பழசாகிவிட்டது என்று நினைத்து வேறு மாட்டினேன், அதுவும் நிற்கவில்லை. அப்புறம்தான் வாசனை வந்தது. மலைக்குப் போகுமுன் காலுக்குத் தேய்ப்பதுபோல, நெஞ்சு முழுக்கச் சவர்க்காரம் தேய்த்துக் காயவிட்டு வந்திருக்கிறார்.

"பாத்தியா தம்பி," என்றார் பாட்டி, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு. "ஒண்ணுகூட ஏறல."