பாவ்லோஸ் மேலாஸ்: தலை ஓர் ஊரில், உடல் ஓர் ஊரில்

[திரையில்: மலைக் கிராமம், கல் வீடுகள், இரவு]

1904 அக்டோபர். இன்றைய வட கிரேக்கத்தில் ஸ்டடிஸ்டா என்ற மலைக் கிராமம். ஓட்டோமான் (துருக்கியப் பேரரசு) படை சுற்றி வளைத்திருக்க, குண்டடிபட்ட ஒருவர் ஒரு வீட்டுக்குள் உயிர் விடுகிறார். பிறகு அவருடைய தலையை வெட்டி எடுத்துப் போனவர்கள் எதிரிகள் இல்லை, அவருடைய ஆட்களே. முகத்தைப் பார்த்தால் ஆள் யாரென்று எதிரிக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்.

அவர் பாவ்லோஸ் மேலாஸ். கிரேக்க ராணுவத்தின் பீரங்கிப்படை அதிகாரி. வயது 34.

பிறந்தது 1870இல், பிரான்சின் மார்செய் நகரில், ஒரு வணிகக் குடும்பத்தில். வளர்ந்தது ஏதென்ஸில். மனைவி நதாலியா, பின்னாளில் பிரதமரான ஸ்டெஃபானோஸ் திராகூமிஸின் மகள். வீட்டில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் 1897இல் துருக்கியரோடு நடந்த போரில் கிரேக்கம் ஒரே மாதத்தில் தோற்றது. அந்த அவமானம் அவரை விடவே இல்லை.

[திரையில்: 1900களின் மாசிடோனியா வரைபடம்]

சரி, சண்டை எதற்கு? மாசிடோனியா அப்போது ஓட்டோமான் ஆட்சியில் இருந்தது. சுல்தானின் பிடி தளர்ந்தால் மண் யாருக்கு என்று கிரேக்கமும் பல்கேரியாவும் மோதின. ஊர்க்காரர்கள் எந்த நாட்டவர் என்பதற்கு அன்று அடையாளம் மொழியைவிடக் கோயில்தான். கான்ஸ்டான்டினோபிள் மறைமுதல்வரை, அதாவது ஆர்த்தடாக்ஸ் கிறித்தவத் தலைவரை, ஏற்றால் கிரேக்கர், 1870இல் உருவான பல்கேரியத் திருச்சபையை ஏற்றால் பல்கேரியர். வீட்டில் ஸ்லாவிய மொழி பேசிக்கொண்டே கிரேக்கர் பக்கம் நின்றவர்கள் ஏராளம். ஒரே ஊரில், ஒரே தெருவில், இரண்டு பக்கமும் ஆட்கள். அதனால் துப்பாக்கி முதலில் திரும்பியது பாதிரியார்கள் மீதும் பள்ளி ஆசிரியர்கள் மீதும்தான்.

கிரேக்கர் பக்கத்துக்காகப் போராட, 1904இல் மேலாஸ் மூன்று முறை எல்லை தாண்டி மாசிடோனியாவுக்குள் போனார். முதல் முறை, விஷயம் ஓட்டோமான் அரசுக்குத் தெரிந்து, ஏதென்ஸ் அவரைத் திருப்பி அழைத்தது. இரண்டாம் முறை கால்நடை வியாபாரி வேடம். மூன்றாம் முறை, கோடை முடியும் நேரத்தில், சுமார் 35 பேர் கொண்ட குழுவோடு போனார். அப்போது அவர் வைத்துக்கொண்ட பெயர் மிக்கிஸ் ஸேஸாஸ். மகனின் செல்லப் பெயர் மிக்கிஸ், மகளின் செல்லப் பெயர் ஸேஸா. பிள்ளைகளின் பெயரைச் சூடிக்கொண்டு கொலைக்களத்துக்குப் போன மனிதர்! எனக்கு அவர் வாழ்க்கையில் மறக்க முடியாத இடம் இதுதான்.

மழை, சேறு, இரவு நடை. நதாலியாவுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். பல்கேரியத் திருச்சபை ஆதரவாளர்களை அவருடைய குழு கொன்றது. அது மனதை எப்படி வதைத்தது என்பதும் அந்தக் கடிதங்களில் இருக்கிறது. வதைத்தது உண்மை, ஆனால் கொலை நிற்கவில்லை. கிரேக்கப் பாடப்புத்தகத்தின் வீரனை, எதிர்ப்பக்கக் கிராமத்தில் தகப்பனை இழந்த குடும்பம் அப்படிப் பார்க்க முடியாது. இரண்டையும் சேர்த்துத்தான் இவரைச் சொல்ல வேண்டும்.

[திரையில்: கஸ்தோரியா ஏரி]

களத்தில் அவர் இருந்தது ஏழு வாரம்கூட இல்லை. பெரிய வெற்றி எதுவும் கிடையாது. அப்புறம் அந்த இரவு. சாகும்போது, சிலுவையை மனைவியிடமும் துப்பாக்கியை மகனிடமும் கொடுக்கச் சொன்னதாகக் கூடவிருந்தவர்கள் சொன்னார்கள்.

அதுவரை கிரேக்க அரசு மறைத்து மறைத்து நடத்திய வேலை, இந்தச் சாவால் நாடு முழுக்கத் தெரிந்தது. பெரிய வீட்டுப் பிள்ளையே போய்ச் செத்திருக்கிறான் என்றதும் அதிகாரிகளும் தன்னார்வலர்களும் மாசிடோனியாவுக்குக் கிளம்பினார்கள். 1908இல் ஓட்டோமான் பேரரசுக்குள்ளேயே நடந்த இளந்துருக்கியர் புரட்சி வரை இந்தக் குழுச் சண்டை ஓயவில்லை. ஓட்டோமான்களுக்கு எதிரான 1912 பால்கன் போரில், அந்த வட்டாரத்து நகரமான கஸ்தோரியா கிரேக்கத்தின் கைக்கு வந்தது.

தலையில்லாத உடலை ஓட்டோமான் படை கஸ்தோரியாவுக்குக் கொண்டுபோனது. அங்கே மறைமாவட்டத் தலைவர் கெர்மானோஸ் கரவங்கேலிஸ் அதைக் கேட்டு வாங்கி அடக்கம் செய்தார். தலை, பிசோடேரி கிராமத்துத் தேவாலயத்தில் ரகசியமாகப் புதைக்கப்பட்டது. ஸ்டடிஸ்டா என்ற பெயர் இப்போது வரைபடத்தில் இல்லை. அந்த ஊரின் பெயர் மேலாஸ்.