உணவு அலர்ஜிக்கு ஸ்கின் பிரிக் டெஸ்ட்: கையில் தடித்தால் என்ன அர்த்தம்?

[திரையில்: முன்கையின் உட்புறம். பேனாவால் 1, 2, 3 என்று எழுதியிருக்கிறது.]

வணக்கம். முட்டை சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் குழந்தையின் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. டாக்டர், "ஸ்கின் பிரிக் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம்" என்கிறார். ஊசி என்றதும் பெற்றவர்களுக்குத்தான் முதலில் வயிறு கலங்கும். அந்த அறையில் என்ன நடக்கும், அதைவிட முக்கியமாக, வரும் ரிசல்ட்டை எப்படி எடுத்துக்கொள்வது என்று பார்ப்போம்.

முதலில் மருந்து விஷயம். செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், ஃபெக்ஸோஃபெனடின் மாதிரியான அலர்ஜி மாத்திரைகளை டெஸ்டுக்குச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பலரும் கோட்டைவிடுவது சளி, இருமல் சிரப்பில். குளோர்ஃபெனிரமின் என்று லேபிளில் இருந்தால் அதுவும் இதே வகைதான். ஆஸ்துமா இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது. வீசிங் அதிகமாக இருந்தால் டெஸ்டைத் தள்ளிவைப்பார்கள். பெரியவர்கள் பிரஷர், இதய மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை.

[திரையில்: சின்னச் சின்னக் குப்பிகள். கையில் வரிசையாகச் சொட்டுகள் விழுகின்றன.]

சரி, டெஸ்ட். முன்கையில் செய்வார்கள், கைக்குழந்தை என்றால் பெரும்பாலும் முதுகில். பால், முட்டை, வேர்க்கடலை என்று சந்தேகப்படும் ஒவ்வொரு உணவின் சாறும் ஒரு சொட்டு. அந்தச் சொட்டின் வழியே லான்செட் என்ற சின்ன முனையால் மேல்தோலை லேசாகக் குத்துவார்கள். ரத்தம் எடுக்கும் ஊசி மாதிரி ஆழமாக இறங்காது. சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். பழம், காய்கறி என்றால் சில சமயம் பச்சையாகவே கொண்டுவரச் சொல்வார்கள். முனையை முதலில் பழத்தில் குத்தி, பிறகு தோலில் குத்துவார்கள்.

கூடவே இரண்டு சொட்டுகள் உண்டு. ஒன்று ஹிஸ்டமின், அதாவது அலர்ஜியின்போது உடம்பே வெளியிட்டுத் தோலைத் தடிக்க வைக்கும் பொருள். அது எல்லோருக்கும் தடிக்க வேண்டும். இன்னொன்று வெறும் உப்புநீர். அது தடிக்கக் கூடாது. ஹிஸ்டமினே தடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஏதோ மருந்து இன்னும் உடம்பில் வேலை செய்கிறது, அந்த டெஸ்டை நம்ப முடியாது. உப்புநீருக்கே தடித்தால், தொட்டாலே தடிக்கும் தோல். அப்போது ரத்தப் பரிசோதனைதான் வழி.

அப்புறம் 15 முதல் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். கஷ்டமான பகுதி இதுதான். கொசு கடித்த மாதிரி புடைத்து அரிக்கும், சொறியக் கூடாது. கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கதை சொல்லுங்கள். உடம்பு முழுக்க ரியாக்‌ஷன் வருவது மிக அபூர்வம். அப்படி வந்தால் கொடுக்க அட்ரினலின் என்ற அவசர ஊசி மருந்து கைவசம் இருக்க வேண்டும். அதனால்தான் இதை மருத்துவமனையிலோ, அதற்கான வசதியுள்ள கிளினிக்கிலோ மட்டும் செய்துகொள்ளச் சொல்கிறோம்.

[திரையில்: ஸ்கேல் வைத்துத் தடிப்பை அளக்கும் கை.]

இப்போது அளக்கிறார்கள். உப்புநீர்ப் புள்ளியைவிட 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெரிதாக இருந்தால் பாசிட்டிவ்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். பாசிட்டிவ் என்றால் அந்த உணவுக்கு எதிரான ஐஜிஈ என்ற எதிர்ப்புப் புரதம் உடம்பில் இருக்கிறது என்று அர்த்தம். அது தோலில் உள்ள மாஸ்ட் செல்களைத் தூண்ட, அவை ஹிஸ்டமினை வெளியே விடுகின்றன, தோல் புடைக்கிறது. ஆனால் ஐஜிஈ இருக்கும் பலர் அதே உணவை எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிடுகிறார்கள். தடிப்பு பெரிதாக இருந்தால் உண்மையான அலர்ஜியாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் சாப்பிட்டால் எவ்வளவு மோசமாகும் என்பதை அந்த அளவு சொல்லாது. நெகட்டிவ் என்றால் இந்த வகை அலர்ஜி இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம்.

அதனால்தான் "எதற்கும் இருக்கட்டும்" என்று நாற்பது, ஐம்பது உணவுகளுக்கு மொத்தமாக டெஸ்ட் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பட்டியலில் பத்து பாசிட்டிவ் வரும். நேற்றுவரை நன்றாகச் சாப்பிட்ட கோதுமையையும் பாலையும் பயந்து நிறுத்துவோம். வளரும் பிள்ளைக்குச் சத்து குறையும். சில நேரம், நிறுத்தி வைத்ததாலேயே பிறகு சேராமலும் போகலாம். என்ன சாப்பிட்டான், எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது, தடிப்பின் போட்டோ இருக்கிறதா: டாக்டருக்கு இந்த விவரம்தான் முதல் ஆதாரம். இதற்குப் பிறகும் குழப்பம் இருந்தால், மருத்துவமனையில் வைத்து அந்த உணவைத் துளித்துளியாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். வீட்டில் அதைச் செய்து பார்க்கக் கூடாது.

பால் குடித்தால் வயிறு உப்பும் லாக்டோஸ் பிரச்சினை இந்த டெஸ்டில் தெரியாது. சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்து வரும் வாந்தி, பேதிக்கான காரணமும் பெரும்பாலும் இதில் சிக்காது.

கையில் உள்ள தடிப்பு பொதுவாக ஓரிரு மணி நேரத்தில் அமுங்கிவிடும். பால், முட்டை அலர்ஜி பல குழந்தைகளுக்கு வயது ஏற ஏற விலகிவிடுவதால், மறுபடி எப்போது டெஸ்ட் எடுக்க வேண்டும் என்பதையும் கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.