சிலம்பை ஆட்டிப் பார்த்திருக்கலாம்

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். தலைமை ஏற்றிருக்கும் புலவர் ஐயா அவர்களுக்கும், வாழ்த்துரையை வாழ்த்தோடு நிறுத்திக்கொண்ட வணிகர் சங்கத் தலைவர் அவர்களுக்கும், ஏற்காட்டிலிருந்து இந்த மழையில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கும் நன்றி. சால்வைக்கும் நன்றி. அடுத்த முறை புத்தகமாகக் கொடுங்கள். எல்லா மேடையிலும் இதைச் சொல்கிறேன். எல்லா மேடையிலும் சால்வைதான் வருகிறது.

சரி. கதைப் பெண்களின் செல்வம், அழகு, குணம் என்று மூன்றையும் பேசச் சொன்னார்கள். பணக்காரி என்றால் திமிர், ஏழை என்றால் குணவதி என்று நம் தொடர்கதைகள் நம்மைப் பழக்கிவிட்டன. இளங்கோவடிகள் அப்படிப் பங்கு பிரிக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் பிறந்த வீட்டுச் செல்வம் கண்ணகிக்குத்தான், மாநாய்கன் மகள். மாதவி ஆடிப் பிழைக்கும் குலத்தில் பிறந்தவள். அவள் மாலைக்கு 1008 கழஞ்சு பொன் விலை. விலை கொடுத்தவன் கோவலன், பழி மட்டும் அவளுக்கு.

'அழகு சோறு போடுமா?' என்பாள் என் பாட்டி. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைக்குக் கொலுசு வேலை செய்தவள். பள்ளியில் வழக்குரை காதை நடந்த அன்று, வீட்டுக்கு வந்து அவளுக்குக் கதை சொன்னேன். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகி சிலம்பில் மாணிக்கம், கண்ணகி உடைத்தாள், பரல் தெறித்தது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறேன். பாட்டி வேலையை நிறுத்தவே இல்லை. அப்புறம் ஒரு கொலுசை எடுத்து என் காதருகே குலுக்கினாள். இன்னொன்றை எடுத்துக் குலுக்கினாள். "கேட்டயா சாமி, ரெண்டும் ஒரே சத்தமா?" என்றாள். இல்லை என்றேன். "உள்ள இருக்கறது வேறன்னா சத்தமும் வேற. ராசா ஒரு ஆட்டு ஆட்டியிருந்தா ஒரு உசுரு பொழைச்சிருக்குமே! தெனமும் கால்ல போட்டவளுக்குக் காது எங்க போச்சு?"

எந்த உரையாசிரியரும் இப்படிக் கேட்டு நான் படித்ததில்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அழகுக்கு வருகிறேன். மாதவி மகள் மணிமேகலையின் அழகைத் துரத்திக்கொண்டு இளவரசன் உதயகுமரன் அலைகிறான். அவளோ அமுதசுரபியை ஏந்தி ஊரின் பசியாற்றுகிறாள். முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. சிறைக்கூடத்தையே அறக்கோட்டமாக்கச் செய்தாள் மணிமேகலை. அழகு சோறு போடுமா என்ற பாட்டியிடம் இதைச் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இந்த ஊரில் இன்றும் வீட்டுக்கு வீடு கொலுசு வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் கை ஓயும் நேரத்தில் நூலகக் கதவு பூட்டியிருக்கிறது. இரவு 9 மணிவரை திறந்து வையுங்கள் என்று மனு எழுதியிருக்கிறோம்; எந்தக் காப்பியத்தைப் பேசப் போனாலும் நான் இந்தக் கதவில்தான் வந்து முட்டிக்கொள்கிறேன்.

மூன்றாவது, குணம். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அம்மா மலையேற வேண்டும். வாசலில் மனு நோட்டு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன்.