எது முதல்ல வாடும்? நாலு பேர் வீட்டுக்கு ஒரு வாரச் சமையல் வரிசை

வணக்கம் மக்களே. நாலு பேர் இருக்குற வீடு, ரெண்டு பெரியவங்க ரெண்டு பசங்கன்னு வெச்சுக்கோங்க. திங்கள்லேருந்து சனி வரைக்கும் காலை டிபன், மதியச் சாப்பாடு, ராத்திரிக்கு ஏதாவது ஒண்ணு. ஸ்கூலுக்கும் ஆபீசுக்கும் கட்டுற டிபன் பாக்ஸும் இதுக்குள்ளயே வரணும். இதை எப்படி வரிசை போடுறதுன்னு இன்னைக்குப் பாக்கலாம்.

நோட்டை எடுத்து திங்கள் இது, செவ்வாய் அதுன்னு பிடிச்சதை எல்லாம் எழுதிட்டு அப்புறம் கடைக்குப் போனா, அந்தத் திட்டம் புதன்கிழமையோட நின்னுடும். வெள்ளிக்கிழமைக்குக் கீரைன்னு எழுதியிருப்போம், அது செவ்வாய்க்கிழமையே மஞ்சளாகி நிக்கும். அதனால எது முதல்ல வாடும், எது முதல்ல புளிக்கும்னு பாத்து அந்த வரிசையில சமைக்கணும். மெனு தானா அமைஞ்சிடும். நான் டம்ளர்னு சொல்றப்பல்லாம் 200 கிராம் அரிசி பிடிக்கிற டம்ளர்.

ஞாயித்துக்கிழமை காலைல காய் வாங்கிடுங்க. பக்கத்துல உழவர் சந்தை இருந்தா அங்கேயே போங்க. 1999ல மதுரைல ஆரம்பிச்சது, இப்ப நிறைய ஊர்ல இருக்கு. அன்னைய விலையைப் போர்டுல எழுதிப் போட்டிருப்பாங்க, காயும் புதுசா இருக்கும். ஆனா சீக்கிரம் போகணும், வெயில் ஏறினா நல்ல கீரை மிஞ்சாது. வாங்க வேண்டியதைச் சொல்றேன். கீரை ரெண்டு கட்டு, முருங்கைக்காய் மூணு, வெண்டைக்காய் அரை கிலோ, புடலங்காய் நடுத்தரமா ஒண்ணு, பீன்ஸ் 300 கிராம், சின்னதா ஒரு கோஸ், கேரட் அரை கிலோ, உருளை ஒரு கிலோ, வாழைக்காய் மூணு. பெரிய வெங்காயம் ஒண்ணரை கிலோ, சின்ன வெங்காயம் அரை கிலோ, எலுமிச்சம்பழம் ஆறு, தேங்காய் மூணு. தக்காளி ஒண்ணரை கிலோ, அதுல பாதி பழமா, பாதி செங்காயா பொறுக்குங்க. எல்லாத்தையும் பழமாவே வாங்கிட்டா வியாழக்கிழமை அடியில இருக்குறது நசுங்கித் தண்ணி விட்டிருக்கும்.

வாங்கிட்டு வந்ததும் கழுவி ஃபிரிட்ஜ்ல வெக்காதீங்க. காய் சீக்கிரம் அழுகறதுக்குப் பாதிக் காரணம் மேல ஒட்டியிருக்குற ஈரம்தான். சமைக்கிற அன்னைக்குக் கழுவினாப் போதும். கொத்தமல்லிக்கு வேரை வெட்டிட்டு, காய்ஞ்ச துணியில சுத்தி டப்பாவுல போட்டா ஒரு வாரம் தாங்கும். வெங்காயமும் உருளையும் ஒரே கூடையில இருக்கக் கூடாது, உருளை முளை விட ஆரம்பிச்சிடும். வாழைக்காயை ஒரு பாத்திரத்துல தண்ணி ஊத்தி முழுசா முங்குற மாதிரி போட்டு, தினமும் தண்ணியை மாத்துங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பழுக்காம பச்சையாவே இருக்கும்.

அடுத்தது மாவு. இந்த வாரத்தையே தாங்கப் போறது இதுதான், அதனால கொஞ்சம் நின்னு பாப்போம். நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் முழு வெள்ளை உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். இது கிரைண்டர் கணக்கு. மிக்ஸியில அரைக்கிறவங்க மூணுக்கு ஒண்ணு போடுங்க, மிக்ஸியில உளுந்து அவ்வளவு பொங்கி வராது. அரிசி நாலு மணி நேரம் ஊறணும், உளுந்தும் வெந்தயமும் ரெண்டு மணி நேரம் ஊறினாப் போதும். உளுந்தை முதல்ல போட்டு, தண்ணியை ஒரேயடியா ஊத்தாம தெளிச்சுத் தெளிச்சு 25லேருந்து 30 நிமிஷம் ஓடவிடுங்க. கோடையில ஐஸ் தண்ணி தெளிக்கிறது நல்லது. சூடேறின உளுந்து மாவு பொங்காது, அப்புறம் இட்லி கல்லாட்டம் வரும்.

இங்க பாருங்க, கிட்ட காட்டுறேன். கிண்ணத்துல தண்ணி எடுத்திருக்கேன். உளுந்து மாவுல ஒரு சொட்டு விடுறேன்... மிதக்குது பாருங்க. இதுதான் பதம். அடியில போய் உக்காந்தா இன்னும் அஞ்சு நிமிஷம் ஓடணும். அரிசியை மட்டும் இப்படி நைஸா அரைக்கக் கூடாது. ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சா சன்ன ரவை மாதிரி நறநறன்னு தெரியணும்.

ரெண்டையும் சேத்து, ரெண்டு டேபிள்ஸ்பூன் கல்லுப்பு போட்டு, கையாலயே அடியிலேருந்து கலந்துவிடுங்க. பாத்திரத்துல பாதி அளவுக்கு மேல ஊத்தாதீங்க. மாவு நிக்கிற மட்டத்துல வெளிப்பக்கம் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிட்டா எவ்வளவு ஏறியிருக்குன்னு காலைல பாத்தவுடனே தெரிஞ்சிடும். சென்னை வெயில் காலத்துல ஆறு, ஏழு மணி நேரத்துல ஏறிடும். மார்கழியில பன்னெண்டு மணி நேரம்கூட ஆகலாம்.

நிறைய வீட்ல தப்பு நடக்குறது இதுக்கு அப்புறம்தான். பொங்கின மாவைக் கரண்டி போட்டு நல்லா கலக்கிட்டு இட்லி ஊத்துவாங்க. உள்ள இருக்குற காத்தெல்லாம் வெளியே போயிடும், இட்லி தட்டையா வரும். கலக்காம மேலாப்புல எடுத்து ஊத்துங்க. அப்புறம், மாவு ஏறின உடனே ஃபிரிட்ஜுக்குப் போயிடணும். ஃபிரிட்ஜ்ல புளிக்கிறது மெதுவாகும், நிக்காது. அதனால திங்களும் செவ்வாயும் காலைல இட்லி, புதன் ராத்திரி தோசை, வெள்ளி காலைல மிச்ச மாவுல வெங்காயம், பச்சமிளகாய் தாளிச்சுப் போட்டுக் குழிப்பணியாரம். வேளைக்கு 16 இட்லின்னு ரெண்டு நாளைக்கு 32, அப்புறம் எட்டு ஒம்பது தோசை, பணியாரத்துக்கு ரெண்டு மூணு ஈடு. இந்த அளவு மாவுக்குச் சரியா இருக்கும். செவ்வாய்க்கிழமை மாவை ஊத்துறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடியே வெளியே எடுத்து வெச்சிடுங்க. சில்லுன்னு ஊத்தினா நடுவுல வேகாது.

மத்த மூணு நாள் டிபனுக்கு மாவைத் தொட வேண்டாம். புதனும் சனியும் காலைல ரவா உப்புமா, ஒரு டம்ளர் வறுத்த ரவைக்கு ரெண்டரை டம்ளர் தண்ணி. வியாழன் பொங்கல். ஒரு டம்ளர் பச்சரிசி, அரை டம்ளர் பாசிப்பருப்பு, ஆறு டம்ளர் தண்ணி. குக்கரைத் திறக்கும்போது கொஞ்சம் தளர்வாத் தெரியும், பயப்படாதீங்க, ஆற ஆற இறுகிடும்.

இப்ப மதியத்துக்கு வருவோம். திங்கள்கிழமை காலைலயே 300 கிராம் துவரம்பருப்பை மொத்தமா வேக வெச்சிடுங்க. மூணு மடங்கு தண்ணி, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், நுரைச்சு விசில் வழியா வழியாம இருக்க அரை ஸ்பூன் எண்ணெய், நாலு விசில். போர் தண்ணியில பருப்பு வேகவே மாட்டேங்குதுன்னா அடுப்பைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அந்தத் தண்ணியில சுண்ணாம்பு அதிகம். பருப்புக்கு மட்டும் குடிக்கிற தண்ணியை ஊத்துங்க. வெந்ததுல பாதி திங்கள் சாம்பாருக்கு. மிச்சம் பாதியை ஆறவெச்சு டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜ்ல வைங்க, செவ்வாய்க்கிழமை கூட்டுக்கும் ரசத்துக்கும் அது போதும். அதுக்கு மேல வெச்சுக்காதீங்க.

முருங்கைக்காய் சாம்பார்தான் திங்களுக்கு. காலைல இட்லிக்கும் மதியம் சாதத்துக்கும் ஒரே சாம்பார். புளிக்கரைசல்லயே காயைப் போட்டுக் கொதிக்க விடுற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. புளிப்புல காய் சீக்கிரம் இளகாது, கால் மணி நேரம் கொதிச்சாலும் விறைப்பாவே நிக்கும். காயை வெறும் தண்ணியில கொஞ்சம் உப்பும் மஞ்சளும் போட்டு முக்கால் பதம் வேகவிட்டு, அப்புறம் நெல்லிக்காய் அளவு புளியைக் கரைச்சு ஊத்தி, ஒரு டேபிள்ஸ்பூன் சாம்பார் பொடி போட்டுப் பச்சை வாசனை போற வரைக்கும் கொதிக்கவிட்டு, கடைசியா பருப்பைச் சேருங்க. பருப்பு போட்டப்புறம் ரெண்டு கொதி போதும். கூட வெச்சா அடிப்பிடிக்கும்.

கீரையும் திங்கள்கிழமையே. பொரியலா பண்ணிட்டா பாக்ஸுல சாம்பார் சாதத்தோட போயிடும். மூடி போடாம திறந்து வதக்கினா பச்சை நிறம் அப்படியே இருக்கும். கட்டு ரெண்டு பாக்க நிறைய தெரியும், வதங்கினா நாலு பேருக்கு அளவா வரும். உப்பை வதங்கினப்புறம் போடுங்க, முதல்லயே கண்ணளவுக்குப் போட்டா கரிச்சிடும்.

செவ்வாய்க்குப் புடலங்காய் கூட்டு, பருப்பு ரசம், வெண்டைக்காய் பொரியல். ரசம் பொங்கி நுரை கட்டினதும் இறக்கிடணும். தளதளன்னு கொதிச்சா மிளகு, சீரக வாசனை போயிடும். வெண்டைக்காயை நறுக்குறதுக்கு முன்னாடி துணியால நல்லா துடைச்சிடுங்க. ஈரத்தோட நறுக்கினா வழவழன்னு நூல் விடும். மூடி போடாம வதக்கி, உப்பைக் கடைசியில சேருங்க. அப்பவும் வழவழப்பு இருந்தா ஒரு ஸ்பூன் தயிர் விட்டுக் கிளறுங்க, நின்னுடும். பசங்க பாக்ஸுக்கு ரசம் சரிப்படாது. கூட்டையே சாதத்துல பிசைஞ்சு நெய் விட்டுக் கட்டிடுங்க.

புதன்கிழமை வத்தக்குழம்பு. இதை ரெண்டு நாளைக்குச் சேத்தே வைங்க. புளியும் நல்லெண்ணெயும் இருக்குறதால ஃபிரிட்ஜ்ல நாலு நாள் தாராளமா நிக்கும், அடுத்த நாள் ருசி இன்னும் கூடும். ஆறு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயில கடுகு, வெந்தயம் தாளிச்சு, ரெண்டு டேபிள்ஸ்பூன் சுண்டைக்காய் வத்தல் வறுத்துத் தனியா எடுத்து வெச்சிடுங்க. அதே எண்ணெயில இருபது சின்ன வெங்காயம், இருபது பல் பூண்டு வதங்கட்டும். மூணு டேபிள்ஸ்பூன் குழம்புப் பொடி, பெரிய எலுமிச்சை அளவு புளியோட கரைசல். மேல எண்ணெய் பிரிஞ்சு ஓரத்துல நிக்கிற வரைக்கும் சின்னத் தீயில வத்தணும். சீக்கிரம் இறக்கினா தண்ணி மிஞ்சி நிக்கும், அந்தக் குழம்பு நாள் தாங்காது. வறுத்த வத்தலையும் ஒரு துண்டு வெல்லத்தையும் கடைசியா போடுங்க. வத்தல்ல ஏற்கெனவே உப்பு இருக்கு, அதனால உப்பை முதல்ல பாதிதான் போடணும். தொட்டுக்க பீன்ஸ் பொரியல்.

வியாழக்கிழமை வீட்ல இருக்குறவங்களுக்கு அதே வத்தக்குழம்பு, கோஸ் பொரியல். பாக்ஸுக்கு எலுமிச்சை சாதம், உருளை வறுவல். ரெண்டு டம்ளர் அரிசிக்கு ரெண்டு பழம். சாதத்தைத் தட்டுல பரப்பி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு நல்லா ஆறவிடுங்க. சூட்டோட கிளறினா குழைஞ்சு கட்டியாகும். சாறை அடுப்பு அணைச்சப்புறம்தான் பிழியணும், கொதிச்சா கசக்கும். அன்னைக்கு ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் கொண்டைக்கடலையை ஊறப்போட்டிடுங்க.

வெள்ளிக்கிழமை கடலைக்குழம்பு, தண்ணிக்குள்ள காத்திருந்த வாழைக்காயில வறுவல். சனிக்கிழமைக்குன்னு தனியா எதுவும் வாங்க வேண்டாம். கூடையில நாலு கேரட், கொஞ்சம் கோஸ், ரெண்டு உருளை, கைப்பிடி பீன்ஸ் மிஞ்சியிருக்கும். அரை மூடி தேங்காய், பச்சமிளகாய், சோம்பு, கசகசா அரைச்சு விட்டுக் குருமா வெச்சிடுங்க. மதியம் சாதத்துக்கும் ஆகும், ராத்திரி சப்பாத்திக்கும் ஆகும். ரெண்டு டம்ளர் கோதுமை மாவுக்குப் பன்னெண்டு சப்பாத்தி வரும். மத்த நாள் ராத்திரிக்கும் இதே மாதிரி லேசா இருக்கட்டும். திங்கள் சப்பாத்தி, தக்காளித் தொக்கு. செவ்வாய் மிஞ்சின ரசமும் அப்பளமும். வியாழன் சேமியா. வெள்ளி தயிர் சாதம். தயிர் சாதத்துக்கு முக்கால் பங்கு காய்ச்சி ஆறின பாலும் கால் பங்கு தயிரும் ஊத்துங்க. பாக்ஸுல கட்டினாலும் மதியம் புளிக்காது.

சாதம் மிஞ்சினா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. அடுப்பு மேடையில அப்படியே மூடி வெச்சிட்டு மறுநாள் சூடு பண்ணிச் சாப்பிடாதீங்க. சாதத்துல வளர்ற ஒரு வகை பாக்டீரியா விடுற நச்சு, திரும்ப எவ்வளவு சூடு பண்ணினாலும் போகாது. சீக்கிரமா ஆறவெச்சு, சமைச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள மூடி போட்டு ஃபிரிட்ஜ்ல வெச்சிட்டா மறுநாள் தாளிச்சுக்கலாம்.

அரிசி ஊற நாலு மணி நேரம், அரைக்க ஒரு மணி நேரம், புளிக்க ஒரு ராத்திரி. இந்தக் கணக்குல ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு அரிசி ஊறணும், நாலு மணிக்கு உளுந்து. ஃபோன்ல அலாரம் வெச்சிடுங்க. இங்க இப்ப மணி ரெண்டாகப் போகுது, நான் அரிசியைக் களைஞ்சு ஊறப்போட்டுட்டு வரேன். அடுத்த வீடியோல குழம்புப் பொடி வீட்லயே அரைக்கிற அளவு போடுறேன். வரட்டுமா.