கொடும்பாவியின் பெயர் கூட்டத்தின் பெயரானது

நேயர்களுக்கு வணக்கம்.

ஓர் ஆணை, அவர் யார் எவர் என்று சுட்டாமல் 'ஆள்' என்று நாம் சொல்வதைப் போலப் பொதுவாகக் குறிப்பிட ஆங்கிலப் பேச்சுவழக்கில் பயன்படும் சொல் ஒன்றைப் பற்றி இன்று பேசுகிறேன். தமிழில் எழுதினால் அது 'கை' என்றே வரும். கஜேந்திரன் என்ற பெயரின் முதலெழுத்தைப் போல அதன் ககரத்தை அழுத்தி ஒலிக்க வேண்டும்; வானொலியில் பேசுவதால் அந்த வேறுபாட்டை என் குரலே காட்டிவிடும் என்பது எனக்கு ஒரு வசதி. ஒரு மனிதரின் இயற்பெயராக இருந்த இந்தச் சொல் எரிக்கப்படும் உருவபொம்மைக்கும், அலங்கோலமாக உடுத்தியவருக்கும், பின்னர் எந்த ஆணுக்கும், இறுதியில் ஆண் பெண் வேறுபாடின்றி எதிரே நிற்கும் கூட்டத்துக்கும் பெயராகியிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் பழைய பொருளை மறந்துபோனவர்கள்தான் புதிய பொருளைத் தந்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். அது எப்படி நடந்தது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கை என்பது நார்மானியப் பிரெஞ்சுக்காரர்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த பெயர்களுள் ஒன்று. ஜெர்மானிய மொழிகளின் பழைய பெயர் ஒன்றிலிருந்து கிளைத்த அது, இத்தாலியில் கீடோ என்று வழங்குகிறது. இடைக்கால இங்கிலாந்தில் அந்தப் பெயருக்கு எந்தக் களங்கமும் இருக்கவில்லை. வாரிக் நகரத்துக் கை என்னும் வீரனின் சாகசக் கதை அக்கால மக்கள் விரும்பிக் கேட்ட கதைகளுள் ஒன்றாகவும் இருந்தது. அந்தப் பெயரின் தலையெழுத்தை மாற்றியது 1605ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள்.

அன்று அதிகாலை, லண்டனில் பிரபுக்கள் சபையின் அடியில் இருந்த சரக்கறையில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு ஒருவர் பிடிபட்டார். முதலாம் ஜேம்ஸ் மன்னர் நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைக்க வரும்போது மன்னரையும் அவையையும் ஒருசேரத் தகர்த்துவிட வேண்டும் என்பது, ஒடுக்குமுறைக்கு ஆளாகியிருந்த கத்தோலிக்கர் சிலரின் திட்டம். அதை வகுத்தவர் ராபர்ட் கேட்ஸ்பி. பிடிபட்டவரோ, யார்க் நகரில் 1570இல் பிறந்து, ஸ்பெயின் படையில் சேர்ந்து நெதர்லாந்துப் போர்க்களங்களில் வெடிமருந்தைக் கையாளப் பழகிய கை ஃபாக்ஸ். ஸ்பெயின் படையில் இருந்த காலத்திலேயே தம் பெயரை கீடோ என்று மாற்றிச் சொல்லிக்கொண்டவர் அவர். பிடிபட்டபோது தம் பெயர் ஜான் ஜான்சன் என்று சொன்னார். சித்திரவதைக்கு மன்னரே அனுமதி அளித்த பிறகுதான் உண்மைப் பெயர் வெளிவந்தது. அதன்பின் அவர் வாக்குமூலத்தில் இட்ட கையொப்பம், எழுதுகோலைப் பிடிக்கவும் வலுவில்லாத ஒருவரின் கிறுக்கலாக ஆவணக்காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. 1606 ஜனவரி 31 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கேட்ஸ்பியோ நவம்பர் 8ஆம் நாளே ஸ்டாஃபர்ட்ஷயரில் துப்பாக்கிச் சூட்டில் இறந்துவிட்டார். தலைவனின் பெயர் வரலாற்று நூல்களோடு நின்றுவிட, வெடிமருந்துக்குக் காவல் இருந்தவரின் பெயரே தெருவுக்கு வந்தது. அவர் மட்டும் தம் பொய்யில் இறுதிவரை உறுதியாக நின்றிருந்தால், இன்று உலகம் முழுவதும் இளைஞர்கள் ஒருவரையொருவர் ஜான்சன் என்று அழைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

மன்னர் உயிர் தப்பியதற்காக ஆண்டுதோறும் நவம்பர் 5 அன்று நன்றி வழிபாடு நடத்த வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1859 வரை அந்தச் சட்டம் நடப்பில் இருந்தது. வழிபாட்டைவிட மக்களைக் கவர்ந்தது சொக்கப்பனை போல மூட்டப்படும் பெருநெருப்புத்தான். ஆனால் அந்த நெருப்பில் தொடக்கத்தில் எரிந்தவர் கை ஃபாக்ஸ் அல்லர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போப்பாண்டவரின் உருவத்தை எரிப்பதே பெருவழக்காக இருந்தது. சமயப் பகை மெல்லத் தணிந்து, விழா பெரியவர்களின் கையிலிருந்து சிறுவர்களின் கைக்கு மாறிய பிறகே ஃபாக்ஸின் உருவம் முன்னுக்கு வந்தது. பழைய சட்டை, கால்சராய்களுக்குள் வைக்கோலையும் கந்தலையும் திணித்து, முகமூடி மாட்டி, கிழிந்த தொப்பி ஒன்றைக் கவிழ்த்து, அதைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தெருத்தெருவாக இழுத்துச் சென்று, "கைக்கு ஒரு பென்னி" என்று சிறுவர்கள் காசு கேட்பார்கள். சேர்ந்த காசு பட்டாசுக்குப் போகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்த உருவபொம்மைக்கு 'கை' என்று பெயர் நிலைத்துவிட்டதை அக்கால எழுத்துகள் காட்டுகின்றன.

இந்த இடத்தில் நம் 'கொடும்பாவி' என்ற சொல்லை எண்ணாமல் இருக்க முடியவில்லை. மழை பொய்த்த காலத்தில் ஊரின் பாவமெல்லாம் சேர்ந்த உருவமாக வைக்கோலால் ஒரு பொம்மை கட்டி, ஒப்பாரி வைத்துத் தெருவில் இழுத்துச் சென்று, ஊர் எல்லையில் எரிப்பது நம் கிராமங்களில் இருந்த வழக்கம். அதில் எரிபவருக்குப் பெயர் கிடையாது. பின்னாளில் அரசியல் போராட்டங்கள் வந்தபோது எந்தத் தலைவரின் பெயரையும் அந்தப் பொம்மையின் மேல் எழுதி ஒட்ட முடிந்ததற்கு அதுவே காரணம். ஆங்கிலத்தில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அங்கே ஒருவரின் பெயர் பொம்மையின் பெயராகி, பொம்மையின் பெயர் ஊரார் எல்லோருக்கும் உரிய பெயராயிற்று. ஆனால் இரண்டுக்கும் இடையில் ஓர் ஒற்றுமை உண்டு: 'அடக் கொடும்பாவி' என்று நாம் உயிருள்ள மனிதரைத் திட்டுவதைப் போலவே, அவர்களும் பொம்மையின் பெயரால் மனிதரை ஏசத் தொடங்கினார்கள்.

அந்த ஏச்சு உடை பற்றியது. தீபாவளிக்குப் பெரியப்பாவின் வேட்டியைச் சுற்றிக்கொண்டு வந்த பையனைப் போலப் பொருந்தாத ஆடையில், பார்த்தவர் சிரிக்கும்படி வருகிறவரை, ஆணாயினும் பெண்ணாயினும், 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'கை' என்றார்கள். 'இந்தத் தொப்பியில் நான் ஒரு கை போல இருக்கிறேன்' என்று ஒரு பெண் அலுத்துக்கொள்ள அன்று இடமிருந்தது என்பதை, பின்னால் வரப்போகும் ஒரு வழக்கை முன்னிட்டு நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும். இதே காலத்தில் சொல் வினையாகவும் மாறியது. மேடையில் நடிகரைக் கேலி செய்வதற்கும், ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே கோமாளித்தனமாக நடித்துக் கெடுப்பதற்கும் நாடகக்காரர்கள் அதை வினைச்சொல்லாகப் பயன்படுத்தினார்கள்.

கூடாரத்தையும் கம்பத்தையும் இழுத்துக் கட்டும் கயிற்றுக்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்தும் இதே ஒலியும் உடைய சொல் உண்டு. அதற்கும் கை ஃபாக்ஸுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. அது கப்பலோட்டிகளின் வழியாக வந்த வேறொரு சொல். ஒலி ஒன்றாயிருப்பதால் இரண்டையும் முடிச்சுப்போடும் கதைகளை நம்ப வேண்டியதில்லை.

ஏச்சாக இருந்த சொல் எப்படி நடுநிலையான சொல்லாயிற்று? இதற்கு அட்லாண்டிக் கடலைத் தாண்ட வேண்டும். அமெரிக்காவில், அது பிரிட்டனின் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், நவம்பர் 5 கொண்டாட்டம் குறிப்பாக பாஸ்டன் நகரில் பெரிதாகவே நடந்தது. ஆனால் அங்கே அதற்குப் போப்பாண்டவர் இரவு என்றே பெயர், எரிந்ததும் அவர் உருவமே. விடுதலைப் போர் மூண்டபோது கனடாவின் கத்தோலிக்கப் பிரெஞ்சு மக்களின் ஆதரவை நாடிய ஜார்ஜ் வாஷிங்டன், போப்பாண்டவரின் உருவத்தை எரிப்பது நகைப்புக்குரிய, சிறுபிள்ளைத்தனமான வழக்கம் என்று 1775 நவம்பர் 5 அன்று தம் படைக்கு ஆணை விடுத்துத் தடுத்தார். விடுதலைக்குப் பின், பிரிட்டன் மன்னரின் உயிர் தப்பியதைக் கொண்டாட அமெரிக்கர்களுக்கு எந்தக் காரணமும் இல்லாமல் போயிற்று. ஆகவே 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் அங்கே பரவியபோது, அதனோடு நெருப்பும் வைக்கோலும் வரவில்லை. இங்கிலாந்துக்காரருக்குச் சொல்லோடு சேர்ந்து தெரிந்த கந்தல் பொம்மை அமெரிக்கருக்குத் தெரியவில்லை. எஞ்சியது 'ஓர் ஆள்' என்ற பொருள் மட்டுமே. இரு கரைகளிலும் சில தலைமுறைகள் இந்த இரு பொருள்களும் தனித்தனியே வாழ்ந்தன. அமெரிக்கர் ஒருவர் நட்போடு சொன்னதை, ஆங்கிலேயர் தம் உடையைப் பற்றிய கிண்டலாக எடுத்துக்கொள்ள இடமிருந்தது. பின்னர் ஹாலிவுட் படங்களின் வழியே அமெரிக்கப் பொருள் திரும்பவும் கடல் கடந்து இங்கிலாந்துக்கே வந்து, பழைய பொருளை ஏறக்குறையத் துடைத்துவிட்டது.

களங்கம் நீங்கியதும் சொல் அடைமொழிகளை ஏற்கத் தொடங்கியது. அடைமொழி இல்லாமல் அது யாரையும் புகழ்வதும் இல்லை, இகழ்வதும் இல்லை என்பதால், எதைச் சேர்த்தாலும் அந்த நிறம் ஏறியது. 'வைஸ் கை' என்றால் எல்லாம் தெரிந்தவன் போலப் பேசும் மிதப்புக்காரன்; அதுவே மாஃபியாக் குழுக்களின் பேச்சில் குழுவின் முழு உறுப்பினனைக் குறித்தது. 'ஃபால் கை' என்றால் பிறர் செய்த குற்றத்துக்குப் பலியாகிறவன். கேட்ஸ்பியின் திட்டத்துக்குத் தம் பெயரைப் பறிகொடுத்த ஃபாக்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான பட்டம் கிடையாது. ஆனால் இந்தத் தொடரை உருவாக்கியவர்கள் அவரை நினைத்து உருவாக்கவில்லை. நல்லவன், கெட்டவன் என்று கௌபாய்ப் படங்கள் பிரித்த இரு தரப்பும் 'கை'களே. அஃறிணையையும் அது விட்டுவைக்கவில்லை: கணித ஆசிரியர் கரும்பலகையில் உள்ள ஓர் எண்ணைக் காட்டி, 'இந்தக் கையை அந்தப் பக்கம் கொண்டுபோவோம்' என்கிறார். 'இவனை அந்தப் பக்கம் தள்ளு' என்று நம் ஆசிரியர்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

இவற்றையெல்லாம்விட இலக்கண நோக்கில் முக்கியமானது 'யூ கைஸ்' என்ற தொடர். பழைய ஆங்கிலத்தில் ஒருவரை விளிக்க ஒரு சொல்லும் பலரை விளிக்க வேறொரு சொல்லும் இருந்தன. மரியாதைக்காகப் பன்மைச் சொல்லை ஒருவருக்கே வழங்கும் பழக்கம் பிரெஞ்சுச் செல்வாக்கால் பரவி, 17ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் ஒருமைச் சொல் பொதுவழக்கிலிருந்து மறைந்தேபோனது. குவேக்கர் சமயத்தவர் போன்ற சிலரே அதை விடாமல் வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் 'யூ' என்று ஆனபின், ஒருவரிடம் பேசுகிறோமா பலரிடம் பேசுகிறோமா என்று காட்ட வழியில்லை. தமிழும் இந்த வழியில் நடந்ததுதான். தொல்காப்பியம் முன்னிலைக்கு நீ, நீயிர் என்னும் சொற்களைக் கூறுகிறது. பிற்காலத்தில் பன்மை வடிவமான 'நீர்' மரியாதை ஒருமையாகிவிட, 'கள்' சேர்த்து 'நீங்கள்' என்ற பன்மையை ஆக்கிக்கொண்டோம். அதுவும் மரியாதைக்குப் போய்விட்டதால், கூட்டத்தைப் பார்த்து 'நீங்கள் எல்லோரும்' என்கிறோம். ஆங்கிலம் பேசுவோர் தம் வெற்றிடத்தை இடத்துக்கு ஒன்றாக நிரப்பினார்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களில் 'யால்' என்றார்கள். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் 'யின்ஸ்' என்றார்கள். பிற அமெரிக்கப் பகுதிகளில் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது 'யூ கைஸ்'. மரியாதை மிகுதியால் ஏற்பட்ட குறையை, ஏச்சாகப் பிறந்த ஒரு சொல் வந்து தீர்த்தது என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

அந்தத் தொடரில் பெண்களும் அடங்குவரா என்பதே இன்றைய வழக்கு. 1950இல் பிராட்வேயில் அரங்கேறிய புகழ்பெற்ற இசை நாடகத்தின் தலைப்பு ஆண்களை 'கைஸ்' என்றும் பெண்களை 'டால்ஸ்' என்றும் எதிரெதிராக நிறுத்தியது. 1971இல் தொடங்கிய ஓர் அமெரிக்கச் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலோ, ரீட்டா மொரேனோ என்ற நடிகை 'ஹே யூ கைஸ்' என்று உரக்கக் கூவியது சிறுவர், சிறுமியர் இருபாலரையும் நோக்கித்தான். இன்று பெண்கள் மட்டுமே அமர்ந்திருக்கும் மேசைக்கு வரும் உணவகப் பணியாளரும் அப்படித்தான் விளிக்கிறார். ஆண்பாற் சொல்லையே பொதுச்சொல்லாக்குவது பெண்களை மறைப்பதாகும் என்று ஒரு சாரார் கருதுகிறார்கள். அமெரிக்க அலுவலகங்கள் சிலவற்றில் அதைத் தவிர்த்து வேறு சொல்லை ஆளும்படி அறிவுறுத்துகிறார்கள். மற்றொரு சாரார், பன்மையில் அதன் ஆண்பால் எப்போதோ தேய்ந்துவிட்டது என்கிறார்கள். இரு தரப்புமே, அலங்கோலமான தொப்பி அணிந்த பெண்ணுக்கும் அந்தச் சொல் முன்பு உரியதாக இருந்ததைப் பெரும்பாலும் மறந்துவிட்டே வாதிடுகிறார்கள்.

நம் பக்கம் வந்து சேர்ந்ததும் இந்தப் பன்மைதான். யூடியூபில் சமையலோ பயணமோ காட்டும் நம் இளைஞர்களும் இளம்பெண்களும் 'ஹாய் கைஸ்' என்றே தொடங்குகிறார்கள். பார்ப்பவர்களுள் பாட்டிகளும் உண்டு, எவரும் அதைத் தம்மைக் குறிக்காத சொல்லாகக் கொள்வதில்லை. ஒருமையின் கதை வேறு. 'ஒரு கை வந்தான்' என்று ஆங்கிலம் கலந்து பேசுகிறவர் சொன்னால், இங்கும் சரி, நியூயார்க்கிலும் சரி, கேட்பவர் மனத்தில் வருவது ஓர் ஆண் மட்டுமே. ஒரே சொல்லின் ஒருமை ஒரு பாலிலும் பன்மை இரு பாலிலும் நிற்பதை எந்த வகையில் பதிவு செய்வது என்பது அகராதிக்காரர்களின் பாடு.

வணக்கம்.