ஓடுகிற நிரலை நிறுத்தாமல் மாற்ற முடியுமா? ‘இன்ஸ்டால்’ கட்டளையின் சூட்சுமம்

[திரையில்: கறுப்பு டெர்மினல், ‘டெக்ஸ்ட் ஃபைல் பிஸி’ என்ற பிழைச் செய்தி]

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலையில், ஒரு ஜவுளிக் கடையின் பில் கவுண்டர் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கே லினக்ஸ் கணினியில் ஓடுகிற பில்லிங் நிரலில் ஒரு ஜிஎஸ்டி கணக்குப் பிழையை உடனே திருத்தியாக வேண்டும், ஆனால் எல்லாக் கவுண்டரையும் ஒரே நேரத்தில் நிறுத்த முடியாது என்று வைத்துக்கொள்வோம். புதிய பதிப்பை ‘சிபி’ கட்டளையால் பழையதன்மேல் நகலெடுத்தால், ‘கோப்பு ஓட்டத்தில் இருக்கிறது, எழுத முடியாது’ என்ற, இப்போது திரையில் தெரிகிற பிழைதான் வரும். அதே வேலையை ‘இன்ஸ்டால்’ கட்டளை சத்தமில்லாமல் முடித்துவிடும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1983-இல் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் வந்த கட்டளை இது. இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் குனூ கோர்யூட்டில்ஸ் என்ற அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பில் இருக்கிறது. மூலநிரலிலிருந்து உருவாக்கிய மென்பொருளைக் கணினியில் நிறுவ நீங்கள் ‘மேக் இன்ஸ்டால்’ என்று அடிக்கும்போது பின்னால் வேலை செய்வது பெரும்பாலும் இதுதான்.

[திரையில்: கேரம் பலகையின் படம்]

இனி நான் மிகவும் விரும்பும் பகுதிக்கு வருகிறேன். வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் நாம் பார்த்து வளர்ந்த கேரம் மன்றம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ‘1’ என்று சீட்டு ஒட்டிய பலகையில் நான்கு பேர் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பலகையை மாற்ற வேண்டும். ‘சிபி’ செய்வது, காய்கள் மேலே இருக்கும்போதே அதே பலகையின் கோடுகளை அழித்துப் புதிதாக வரைவது போன்றது. ஏனெனில் அது பழைய கோப்பையே திறந்து, உள்ளடக்கத்தைக் காலிசெய்து, அதே இடத்தில் எழுதுகிறது. ‘இன்ஸ்டால்’ அப்படிச் செய்வதில்லை. பழைய பலகையிலிருந்து சீட்டை மட்டும் எடுத்துவிட்டு, புதிய பலகை ஒன்றைக் கொண்டுவந்து அதில் ஒட்டுகிறது. ஆடிக்கொண்டிருப்பவர்கள் பழைய பலகையிலேயே ஆட்டத்தை முடிக்கலாம், அடுத்து வருபவர்கள் புதியதில் உட்காருவார்கள், கடைசி ஆட்டக்காரர் எழுந்தபின்தான் பழையது அப்புறப்படுத்தப்படும். லினக்ஸிலும் அப்படியே: கோப்பின் பெயர் வேறு, அதன் உடலான ஐநோடு வேறு, பெயரை நீக்கினாலும், அதைப் பயன்படுத்தும் கடைசி நிரல் முடியும்வரை வட்டில் அந்த உடல் அழிவதில்லை.

ஆகவே நம் ஜவுளிக் கடையில், ஒவ்வொரு கவுண்டரும் கையிலுள்ள பில்லை முடித்துவிட்டு நிரலை மூடித் திறக்கும்போது புதிய பதிப்புக்கு மாறும். அதுவரை பழைய பிழையோடுதான் ஓடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

“சிபி-யில் ஹைஃபன் எஃப், அதாவது ‘கட்டாயம் செய்’ என்ற விருப்பத்தைப் போட்டால் போதுமே” என்று நிச்சயம் யாராவது கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஆனால் கோப்பை எழுதுவதற்குத் திறக்க முடியாமல் போனால்தான் ஹைஃபன் எஃப் பழையதை நீக்கும். ஓடுகிற நிரலை லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ‘பிஸி’ என்று தடுப்பதால் அங்கே அது பலிக்கும், ஆனால் பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் ஷேர்டு லைப்ரரி கோப்புக்குக் கர்னல் அந்தத் தடையைப் போடுவதில்லை. எனவே ‘சிபி’ எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அதே கோப்பின்மேல் எழுதிவிடும், அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த நிரல்கள் நடுவில் முறிந்து விழலாம். பிழைச் செய்தி வராத இந்த இடம்தான் உண்மையில் ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து.

அனுமதிகள் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ‘இன்ஸ்டால்’ 755 என்ற அனுமதியை வைக்கும், அதாவது எல்லோரும் படிக்கலாம், இயக்கலாம், உரிமையாளர் மட்டும் எழுதலாம். புதிய கோப்புகளின் அனுமதியைக் குறைக்கும் அமைப்பான உமாஸ்க் என்னவாக இருந்தாலும் சரி. உள்ளமைவுக் கோப்பு போன்ற, இயக்கத் தேவையில்லாத கோப்புகளுக்கு ஹைஃபன் எம் 644 என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கோப்பு போய்ச் சேர வேண்டிய டைரக்டரி இல்லையென்றால், பெரிய எழுத்து டி விருப்பம் அதை உருவாக்கித் தரும். முழு டைரக்டரியை உள்ளிருப்பதோடு நகலெடுக்க இந்தக் கட்டளை உதவாது.

[திரையில்: இரண்டு டெர்மினல்கள் அருகருகே]

இப்போது நீங்களே செய்துபாருங்கள். ‘ஸ்லீப்’ நிரலை ஒரு தற்காலிக டைரக்டரிக்கு நகலெடுத்து, அந்த நகலை 600 வினாடி ஓடவிடுங்கள். அதன்மேல் ‘சிபி’ செய்தால் மறுப்பு வரும். ‘இன்ஸ்டால்’ செய்தால் வேலை முடியும். முன்னும் பின்னும் ‘எல்எஸ் ஹைஃபன் ஐ’ அடித்தால் ஐநோடு எண் மாறியிருப்பது தெரியும். அடுத்து, ஓடும் நிரல்களின் விவரங்களைக் காட்டும் ‘ப்ராக்’ டைரக்டரியில் அந்த ஓட்டத்தின் எண்ணைப் (பிஐடி) பெயராகக் கொண்ட டைரக்டரிக்குள் போய், நிரலின் கோப்பைச் சுட்டும் ‘எக்ஸி’ என்ற இணைப்பு எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் ‘டெலீட்டட்’ என்று இருக்கும், ஆனால் நிரல் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும்! இதைப் பார்த்தவர்கள் கமென்டில் அவசியம் எழுதுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ‘இன்ஸ்டால்’ பழையதை நீக்குவதற்கும் புதியதை எழுதி முடிப்பதற்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி உண்டு. அந்தக் கணத்தில் யாராவது நிரலைத் தொடங்கினால் அது கிடைக்காமல் போகலாம். அந்த இடைவெளியும் கூடாது என்றால், அதே டைரக்டரியில் வேறு பெயரில் ‘இன்ஸ்டால்’ செய்துவிட்டு, பிறகு ‘எம்வி’ கட்டளையால் உரிய பெயருக்கு மாற்றுங்கள். அப்போது பெயர் மாறுவது ஒரே அடியில் நடந்துவிடும், கவுண்டரில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது.